தலைக்குப் போட்ட சீட்டு

கரைவலைத் தோணியின் துடுப்பு தலையில் பட்டதை என் வீட்டுக்காரர் பெரிதாக எடுக்கவில்லை. நான்தான் அன்றிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். சில கிழமைகள் போனதும் அவருடைய இடது கால் இழுபடத் தொடங்கியது.

“ஒண்டுமில்ல புள்ள.”

“ஒண்டுமில்லாத ஆள் ஏன் சாரன உள்பக்கம் வெளிய வெச்சிக் கட்டிரிக்கீங்க?”

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. டொக்டர் வெளியூர்க்காரர், தமிழை மெல்லத்தான் கதைப்பார்.

“ஓட்டை போட்டு ரத்தம் எடுப்போம். அது எல்லாருக்கும். இதோட ஒரு ஆராய்ச்சி இருக்கு. சில பேருக்கு, மெல்லிய குழாய் விட்டு, அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோற நாளத்தையும் அடைப்போம். திரும்பத் தேங்காம இருக்க அது உதவுதா எண்டு பாக்கிறம். யாருக்கு எண்டு கம்ப்யூட்டர் சொல்லும். லொத்தர்ச் சீட்டுக் குலுக்குற மாதிரி.”

அந்தச் சொல் வந்ததும், எங்களோடு வந்திருந்த என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், எழும்பிவிட்டார். “லொத்தரா? ஹராம்! மச்சான்ட தலைய வெச்சிச் சூதா?”

கட்டிலில் கிடந்தவர்தான், நாக்குத் தடுமாற, வாய் திறந்தார். “மச்சான், வலைக்குச் சீட்டுப் போடுற நீங்க. அதும் சூதா?”

எங்கள் கரையில் முதல் வலை யார் வளைப்பது என்பது சீட்டில்தான் முடிவாகும். ஆள் முகம் பார்த்துக் கொடுத்தால் அடிபிடிதான்.

“அதுதான்!” என்றார் டொக்டர். “நான் ஆள் பாத்துக் குடுத்தா, சுகமானது வைத்தியத்தாலயா, நல்ல நோயாளியாத் தெரிஞ்செடுத்ததாலயா எண்டு விளங்காது.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். விளங்காவிட்டாலும் தலையாட்டிப் பழக்கம். அன்று ஆட்டவில்லை.

“அடைச்சா என்ன கெடுதி வரும்?”

“அபூர்வமா கை கால் விளங்காமப் போகலாம். கண் பார்வையும் போகலாம்.”

“சீட்டு விழாட்டி இவர விட்டுடுவீங்களா?”

“இல்ல. ஒபரேஷன் கட்டாயம் நடக்கும்.”

“நடுவுல வேணாமெண்டா?”

“விலகலாம். வைத்தியம் நிக்காது.”

“இன்னொருக்கா சொல்லுங்க டொக்டர்.”

சலிக்காமல் மறுபடி சொன்னார். வீட்டுக்காரர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

எங்களுக்கு விழுந்தது ஒபரேஷன் மட்டும்தான். அடைத்திருந்தால் நல்லதோ என்று மனம் அரித்தது; பிறகு, அடைத்துக் கண் போயிருந்தாலோ என்றும் அரித்தது.

சுகமாகி வீடு வந்த பின், ஆராய்ச்சிக்காக வரச்சொன்ன கிளினிக்குக்குப் போக வெளிக்கிட்டபோது காக்கா சிரித்தார். “ஒண்டும் விழாத ஆளுக்கு அங்க என்ன வேல?”

“அடைச்ச ஆளயும் அடைக்காத ஆளயும் சேத்துப் பாக்காட்டி என்னெண்டு காக்கா தெரியும்? நாங்க போகாட்டி அரைவாசிதான் தெரியும்.”

கிளினிக்கில் அவரைக் கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார்கள்; பலம் குறைந்த பக்கத்துக் கை இறங்குமாம். இடது கை இறங்குகிறதா என்று டொக்டருக்கு முன்னமே நான் பார்த்தேன். இறங்கவில்லை.

“அடுத்த முறை எப்ப வாற?” என்று நானே கேட்டேன்.