மாமனார் மறுத்த காவல் வேலை

சென்ற வருடம் கோடையில் நடந்தது இது. ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து ரேணிகுண்டாவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவந்தேன். ஆர்டர் இல்லை என்று ஒரே நாளில் எங்கள் அசெம்பிளி லைனையே மூடிவிட்டார்கள். கணவரின் சம்பளம் வாடகைக்கும் ஸ்கூல் பீஸுக்குமே சரியாகப் போனது. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் சில மாதங்கள் தரும் உதவித்தொகைதான் அப்போது எங்களைத் தாங்கிப் பிடித்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தரும் ஆபீஸிலிருந்து போன் செய்து வேலை சொன்னால் காரணமில்லாமல் மறுக்கக் கூடாது.

நானா மறுப்பேன்? சும்மா உட்கார்ந்தால் தலைவலி வந்துவிடுகிற ஆள் நான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமனாரை ஊரிலிருந்து வரவழைத்துவிட்டு, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன்.

இந்த லட்சணத்தில், உதவித்தொகை ரத்து என்று ஒரு நாள் மெசேஜ் வந்தது. பதறியடித்துக்கொண்டு திருப்பதி ஆபீஸுக்கு ஓடினேன். கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "வேலை சொன்னமே மேடம். உங்க வீட்டுப் பெரியவரு வேணாம்னுட்டாரு. எங்க வீட்டுப் பொண்ண அனுப்ப மாட்டோம்னு கத்தினாராம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிறைய வீட்ல இப்படித்தான்" என்று ஆறுதல் வேறு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வழியெல்லாம் மனதுக்குள் மாமனாரோடு சண்டை. நீ தைரியமாகப் போம்மா, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் நிறையச் சொன்ன மனுஷர், எனக்குத் தெரியாமல் இப்படிச் செய்திருக்கிறாரே!

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். அவர் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, ஒருத்தன் பண்ணான். உன்ன வாட்ச்மேன் வேலைக்குக் கூப்புட்டான். வெயில்ல கேட்டாண்ட நின்னுக்கினு இருக்கணுமா நீ? படிச்ச பொண்ணு. நல்லா திட்டி உட்டேன்."

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று, இன்டர்வியூவுக்குப் போன அன்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். வேலை தேடிப் போன நேரத்தில்தான் வேலை வேண்டாம் என்று பதிவாகியிருக்கிறது! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னைக் கேட்கவே இல்லை, சொன்னது காவல் வேலை, மறுத்தது மாமனார் என்று அப்பீல் எழுதிப் போட்டேன். விசாரணைக்கு அவரையும் அழைத்து வரச் சொன்னார்கள்.

அன்று காலையில் அவர் இட்லியில் கையே வைக்கவில்லை. "என்னால உனுக்குப் பணம் நின்னுபோச்சே. எப்டிம்மா துன்றது?" என்றார். எனக்கும் பயம்தான். அப்பீல் தள்ளுபடியானால் குழந்தையோடு ஊருக்கே திரும்ப வேண்டியதுதான்.

விசாரித்த பெண் அதிகாரி சித்தூர்க்காரர். தமிழ் நன்றாகப் பேசினார். பைலைப் புரட்டிவிட்டு, "பெரியவரே, நாங்க வாட்ச்மேன் வேலையே சொல்லலியே. உங்க மருமக முன்னாடி செஞ்சாங்களே, அதே மாதிரி லைன் வேலைதான் சொன்னோம்" என்றார்.

அப்படியானால் மாமனார் என்னிடம் சொன்னது பொய்யா?

அவர் எழுந்து நின்றுவிட்டார். "பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது மேடம்? 'மேடம்கி பணி காவலா, பணி காவலா'ன்னு ரெண்டு வாட்டி கேட்டான். என் காதால கேட்டேன்."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. தெலுங்கில் 'பனி காவாலா' என்றால் 'வேலை வேண்டுமா' என்று அர்த்தம்! எங்கள் தெருக் கடைக்காரர்கள் அவரிடம் தமிழிலேயே பேசிவிடுவார்கள். தெலுங்கு அவர் காதில் ஏறவே இல்லை. என்னிடமும் அதை வாட்ச்மேன் வேலை என்று மாற்றிச் சொன்னதால் எனக்கும் பிடிபடவில்லை. அவசரமாக நான் வாயைத் திறக்க, அதிகாரி கையமர்த்திவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார்:

"பெரியவரே, டீ காவாலா?"

மாமனார் குழம்பிப்போனார். "டீக்கு எதுக்கு மேடம் காவலு?"

அறையே சிரித்தது. பைல் கொண்டுவந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேள்வியே போய்ச் சேரல. அப்புறம் எப்படி மறுத்தாங்கன்னு எழுதறது?" என்றபடி ரத்தை நீக்கிக் கையெழுத்துப் போட்டார். அப்போது நான் விட்ட பெருமூச்சு அவருக்கே கேட்டிருக்கும்.

வெளியே வந்து விஷயத்தை விளக்கினேன். மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பார் என்று பார்த்தால், சட்டென்று நின்று, "அப்போ அந்த நல்ல வேல இன்னும் கீதான்னு பாரு. திரும்பப் போய்க் கேளு. பையக் குடு, நான் நிக்கிறேன்" என்று என்னை உள்ளே தள்ளினார்.

போய்க் கேட்டேன். இருந்தது. இன்டர்வியூவுக்குச் சீட்டும் கொடுத்தார்கள். இன்று நான் போய்வருவது அந்தக் கம்பெனிக்குத்தான்.

சீட்டோடு வெளியே வந்தபோது, ஆபீஸ் கேட்டருகே, நல்ல வெயிலில், என் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி மாமனார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலேயே மரநிழல் இருந்தது. நான் வந்தால் தெரியாது என்று அங்கே போகவில்லையாம். எனக்கு வேண்டாம் என்று அவர் சண்டை போட்ட காவல் வேலை! சிரித்துக்கொண்டே போனவள் அருகில் போனதும் அழுதுவிட்டேன். இப்போதும் யாராவது வந்து, உன்னைப் பற்றி அவர் இப்படிச் சொன்னார் என்றால், கோபம் வருவதற்குள் அந்த வெயிலில் நின்ற மனுஷர் கண்முன் வந்துவிடுகிறார்.