மிக்சர் பாட்டில்

திருமணமாகி உத்திரமேரூருக்கு வந்தபோது எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது, ஏரிக்கரைப் பக்கம் ஒரு டாக்டர் குடியிருந்து காலமான வீடு. பின்னறையில் அவருடைய மருந்து பாட்டில்கள் குவிந்து கிடந்தன. வீட்டுக்காரர், “வேணும்னா வெச்சிக்கோங்க, இல்லாட்டி வாரிக் கொட்டிடுங்க” என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. பள்ளியில் கைவேலை வகுப்பில் பாட்டில் அறுக்கக் கற்றிருந்தேன். நூலை மண்ணெண்ணெயில் நனைத்து பாட்டிலின் அடிப்பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். கொளுத்திவிட்டு பாட்டிலை மெல்லச் சுழற்ற வேண்டும். தீ அணைகிற நேரம் பார்த்து வாளித் தண்ணீரில் முக்கினால், உள்ளே யாரோ விரல் சொடுக்கியது போல் ஒரு சத்தம் வரும். அடி தனியாகக் கழன்றுவிடும். விளிம்பை ஈர மணலில் தேய்த்து, மேல்பாகத்தை அகலுக்குக் கூண்டாக வைப்பேன். ஏரிக்காற்றில் விளக்கு அணையாமல் நிற்கும்.

ஒரு நாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் காலியான மிக்சர் மருந்து பாட்டில். வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் கத்தரித்து ஒட்டிய காகிதப் பட்டை அதில் அப்படியே இருந்தது.

“டாக்டரு கீறாராமா? கொயந்தைக்கு ஜுரம் வுடல.”

“அவர் இறந்துட்டாரேம்மா.”

அவள் என்னைப் பார்த்தாளே தவிர, கேட்டதாகத் தெரியவில்லை. “ஊத்தி வைக்கச் சொல்லுமா. சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போறேன்” என்று பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன்.

“அவளா? பெருநகர் கிராமத்துல கூலி வேல செய்றவ. கொயந்த ஜுரத்துல செத்துப் பூட்டு எத்தினியோ வருசமாச்சு. வெயில் காலம் வந்தா இப்டித்தான் பாட்டில எடுத்துக்கினு வருவா. டாக்டரு இருந்தவரைக்கும் தண்ணியில சக்கரை கலந்து குடுத்து அனுப்புவாரு.”

இனி வரமாட்டாள் என்று நினைத்து, சில வாரங்கள் கழித்து அந்த பாட்டிலையும் அறுத்தேன். எவ்வளவு ஊறவைத்தும் அதிலிருந்த காகிதம் மட்டும் உரியவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரம். வாசல் மாடங்கள் இரண்டிலும் அகல் ஏற்றிக் கூண்டு வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாடத்தில் இருந்த தன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவள் கிட்டே வந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கண்ணாடியைப் பொத்திக்கொண்டாள். விரல்களின் நடுவே சுடர் சிவப்பாகத் தெரிந்தது.

“சுடும்மா, கையை எடு” என்றேன்.

எடுக்கவில்லை. குழந்தையின் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பவள் போல் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

“சில்லுனு கீது. ஜுரம் வுட்டுச்சுமா.”

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கை சிவக்கக்கூட இல்லை. பேருந்து வருகிற திசையில் போய்விட்டாள். நான் மெதுவாக அந்தக் கூண்டைத் தொட்டேன். சுட்ட விரல் கொப்புளித்து ஆற நாளாயிற்று.

அடுத்த கோடையில் அவள் வரவில்லை. எனக்குப் பெண் பிறந்து, தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பும்போது பெருநகரில் பேருந்து நின்றது. நாற்று நடப் போகிற பெண்களில் ஒருத்தி கூட்டத்தைவிட்டு விலகி ஜன்னலோரம் வந்தாள். அவள்தான். தெளிவான முகம். என்னை அடையாளம் கண்டாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கம்பிக்குள் கையை விட்டு, வீறிட்டு அழுதுகொண்டிருந்த என் மகளின் நெற்றியில் வைத்தாள்.

“ஜுரமெல்லாம் ஒண்ணுமில்லையே” என்றேன், குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டே.

“வராது” என்றாள்.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. பேருந்து கிளம்பியபின்னும் என் தோளுக்கு மேலாக அது அவளையே பார்த்துக்கொண்டு வந்தது.