கழிமுகத்துச் சேறும் மாடிக் கழிவறையும்

தெருவில் எல்லாரும் அவளைச் ‘சேத்தக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில் முட்டியளவு இறங்கி, டப்பாவில் சேறும் பாட்டிலில் தண்ணீரும் அள்ளி வந்து, அதில் மலக்கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். படிக்கும்போது மருத்துவமனை லேபுக்குத்தான் ஆசைப்பட்டாள், கிடைத்தது இது. சேர்ந்த புதிதில் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அள்ளி வந்த தண்ணீரைத் தடவிச் சூட்டுப்பெட்டியில் வைத்த கண்ணாடித் தட்டை மறுநாள் காலையில் திறந்தால், நீலப் புள்ளிகளாகக் கிருமிக் கூட்டம் முளைத்து நிற்கும். இன்றைக்கு எத்தனை முளைத்திருக்குமோ என்ற ஆவல் அவளைப் பிடித்துக்கொண்டது. பிறகு வேறு வேலை தேடவே இல்லை.

சாயங்காலம் சேற்று வாடையோடு வாசலில் நுழைந்தால் மாமனார் மூக்கைப் பொத்திக்கொள்வார். “மகாராணி வந்தாச்சு, வழி விடுங்கப்பா!”

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். விடிந்ததும் கடலில் ஒரு முங்கு போடாவிட்டால் அன்றைக்குப் பொழுதே ஓடாது. கழிமுகத்தை ஒட்டிய அந்தக் கடற்கரையில்தான் ‘இங்கே குளிக்க வேண்டாம்’ என்று பலகை நட்டார்கள். நடச்சொன்னது மருமகள் கொடுத்த அறிக்கை.

மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “எல்லாம் அந்தப் படகுக்காரனுங்க பண்ற வேலை. கரைக்கும் கக்கூஸுக்கும் வித்தியாசம் தெரியாதவனுங்க” என்று டீக்கடையில் போய்ச் சத்தம் போட்டார். படகுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாய்ச்சண்டை வளர்ந்தது.

அவளுக்கோ வேறு குடைச்சல். காற்றில்லாத நாளில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, காற்றடித்தால் கெட்டுவிடுகிறது. படகுகள் இரண்டு நாளும்தானே நிற்கின்றன? கரை நெடுக இடம் இடமாகச் சேற்றை அள்ளிப் பார்த்தாள். மழைநீர் வடிகால் ஒன்று ஆற்றில் விழுகிற வாயில் மட்டும் தட்டு முழுக்க நீலம் அப்பிக் கிடந்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் கடல் ஓதத்தோடு ஏறி இறங்கிப் போய்விடும், சேறு அப்படியில்லை. தன்மேல் படிந்த கிருமியை வெயில் படாமல் பொத்தி வைத்துக்கொள்ளும். காற்றடித்து அடிச்சேறு கலங்கினால் எல்லாம் மேலே வரும்.

மழையே இல்லாத நாளிலும் அந்த வடிகாலில் மெல்லிசாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நகராட்சிக் குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு, வடிகாலின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபடி மேலே ஏறினாள். ஈரம் போய் நின்றது அவள் குடியிருந்த தெருவில்!

இனி வீடு வீடாகக் கழிவறையில் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்ப்பதுதான் வழி. சாயம் பாதாளச் சாக்கடையில் போனால் சரி, மழை வடிகாலில் வந்தால் தப்பு. தெருமுனையில் அவள் வீடு.

“உங்க வீட்டுலேருந்தே ஆரம்பிச்சிடலாமா மேடம்?” என்றார் குழாய்க்காரர்.

“தாராளமா. அப்பதான் மத்தவங்க வாய் திறக்க மாட்டாங்க.”

கீழ்க் கழிவறையில் ஊற்றினார்கள், ஒன்றுமில்லை. மாடியில் மாமனாருக்கென்று புதிதாகக் கட்டிய கழிவறையில் ஊற்றிவிட்டு இறங்கி வந்தாள். வடிகால் மூடியருகே குழாய்க்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குச் சங்கடம். எட்டிப் பார்த்தாள். கிளிப்பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காதுமடல் சுட்டது. குழாய்க்காரர் குரலைத் தாழ்த்தினார். “யாரும் பாக்கல மேடம். நாளைக்கே சத்தமில்லாம மாத்திடலாம்.”

ஒரு கணம் அவளுக்கும் சபலம்தான். “வேண்டாம்ணே. முதல் பேரா நம்ம வீட்டையே எழுதிக்கங்க” என்றாள்.

மாமனார் பச்சைத் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். “அப்ப நான் குளிக்கிற கடல்ல நானேவா...?”

“ஆமா மாமா.”

“அந்தப் படகுக்காரனுங்கள என்னவெல்லாம் பேசிட்டேன்!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கழிவறையைக் கட்டியது அவள் கொழுந்தன், கொத்தனார். போன் போட்டதும் ஓடிவந்தான். “பக்கத்துல ஒரு குழாய் போச்சு அண்ணி, அதுலயே சேத்துட்டேன்” என்று தலையைச் சொறிந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “கோவிச்சுக்காதீங்க... இந்தத் தெருவுல இன்னும் சில வீட்டுக்கும் அப்படித்தான் போட்டேன்.”

“அடப்பாவி! எந்தெந்த வீடுன்னு சொல்லு, சாயமாவது மிச்சமாகும்.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வந்து தெருவைத் தோண்டி, குழாய்களைச் சாக்கடைப் பக்கம் திருப்பினான். தகப்பனார் நாற்காலி போட்டு மேற்பார்வை. “சாயம் வெளுத்துப்போச்சுடா உனக்கு” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேலி செய்தார்கள். அதற்கு முன்பே மாமனார் படகுத்துறைக்கு நடந்துபோய், எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டிருந்தார். படகுக்காரர்கள் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள், கிண்டலடிப்பதையும் விடவில்லை.

வடிகால் உலர்ந்த பிறகும் பலகை இறங்கவில்லை. “குழாய மாத்தியாச்சே, இன்னும் என்னம்மா?”

“சேத்துல இருக்கறது ஒரே நாள்ல சாகாது மாமா. கொஞ்சம் பொறுங்க.”

தட்டுகளில் நீலம் மெல்ல மெல்லக் குறைந்தது. காற்றடித்த நாளிலும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று தொடர்ந்து உறுதியான பிறகே பலகையைப் பிடுங்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் மாமனார் கடலில் இருந்தார். படகுக்காரர்கள் இரண்டு பேர் கூட நீந்தினார்கள். சற்றுத் தள்ளி, முட்டியளவு தண்ணீரில் அவள் பாட்டிலோடு குனிந்திருந்தாள்.

“மாமா, கால ஒதைக்காதீங்க! சேறு கலங்குது, நான் தண்ணி எடுக்கணும்.”

“எடுத்துட்டுச் சொல்லும்மா, அதுவரைக்கும் மிதக்கறேன்” என்று அவர் மல்லாந்து படுத்துக்கொண்டார்.