கிராபிக்ஸ் கார்டும் எங்கள் வீட்டு மெக்கானிக்கும்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு திரைகளும்தான் ஸ்டூடியோ. கம்ப்யூட்டருக்குள் இருந்து படத்தை ஓட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு வேகம் போதவில்லை. ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுப்பதற்குள் அந்தப் பெண் முழுகாமல் இருக்கும் செய்தியே வந்துவிடும். துபாயில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது, துணிகளுக்கு நடுவே பொதிந்து ஒரு புதிய கார்டு கொண்டுவந்தான்.

மாட்டுவதற்கு ஆள் கூப்பிடலாம் என்றேன். என் கணவர் சம்மதிக்கவில்லை. அவர் ஏசி மெக்கானிக். பல வருடம் கத்தாரில் வேலை பார்த்தவர். ஸ்க்ரூ இருக்கிற பொருளை இன்னொருவர் திறந்தால் அவருக்கு மனம் கேட்காது.

"ஏட்டி, பெரிய பெரிய கெட்டிடத்துக்கே ஏசி போட்டவன் நான். இது கையளவு சாமான்."

பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினார். சரியாக உட்காரவில்லை. திரும்ப எடுக்க, கார்டுக்கு அடியில் இருக்கும் சின்னக் கொக்கியை அமுக்க வேண்டும். விரல் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து அமுக்கினார். அது வழுக்கிக் கார்டின் பின்பக்கத்தைக் கீறிவிட்டது. மறுபடி செருகி ஆன் செய்தோம். மின்விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கீறலின் முடிவில் ஒரு இடம் காலியாக இருந்தது. கடுகைவிடச் சிறிய கெப்பாசிட்டர் ஒன்று பெயர்ந்து தெறித்திருந்தது. இரண்டு பேரும் முழங்காலிட்டுத் தரை முழுக்கத் தேடினோம். மேசைக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, பெருக்கிய குப்பைக்குள் எங்கும் இல்லை. அவர் மதியச் சோறு வேண்டாம் என்றார். மீன்குழம்பு வைத்த நாளில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாப்பிடக் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் பார்த்தேன். முழங்கைக்குப் பக்கத்தில், வேர்வையில் ஒட்டிக்கொண்டு, பழுப்பாக ஒரு துணுக்கு.

"அனங்காதீங்க, அப்படியே நில்லுங்க," என்று சொல்லி டேப்பால் ஒற்றி எடுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் சோறு தின்றார்.

மார்த்தாண்டத்தில் என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி லேப்டாப், செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். மறுநாள் அங்கே போனோம். கார்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாருக்க வேலைட்டீ?"

"எனக்க வேலைதான்," என்றேன்.

கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "பென்சில் சீவவே என்னைக் கூப்பிடுவ. நீ ஸ்க்ரூடிரைவரத் தொட்டியா?"

கணவர் தொண்டையைச் செருமினார். "நான்தான் செய்தேன். அவ சும்மா சொல்லுகா."

"பரவாயில்லண்ணே. ஒரு பார்ட் பெயர்ந்திருக்கு, கரண்ட் போற ஒரு கோடு அறுந்திருக்கு. அவ்வளவுதான்."

நாங்கள் டேப்போடு கொண்டுபோன துணுக்கைப் பழைய இடத்தில் வைத்துப் பற்றவைத்தாள். பிறகு அறுந்த கோட்டின் இரண்டு முனைகளிலும் பூச்சைச் சுரண்டி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியால் இணைத்தாள். பக்கத்தில் என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மூச்சு விடுங்க. ஊதாம இருந்தா போதும்."

கடைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் படம் வந்தது. அவர் கேட்டு வாங்கி அந்த இணைப்பை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "ஏசில நாங்களும் செம்புக் குழாய்தான் பத்தவைப்போம். இவ்வளவு சின்னதா பார்த்ததில்ல," என்றார்.

"எனக்க கடைக்கு ஏசி போட வாங்க. அப்போ நான் மூச்சப் பிடிச்சிட்டு நிக்கேன்," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும், நீங்களே மாட்டுங்க என்று கார்டை அவரிடமே கொடுத்தேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு கை கழுவித் துடைத்துவிட்டு வந்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வைத்து அழுத்தினார். க்ளிக் என்று உட்கார்ந்தது.

முடிக்காமல் கிடந்த இனயம் ஊர்க் கல்யாண வீடியோவை ஓட விட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் நடந்து வந்தார்கள். எங்கும் சிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பழைய கார்டிலயும் இப்பிடித்தானே தெரிஞ்சுது?"

"படம் அதேதான். இப்போ நிக்காம ஓடுது."

அந்த வித்தியாசம் அவருக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்த மாப்பிள்ளைக்க சட்டை கொள்ளாம், நல்ல நிறம்," என்றார். எனக்கு நிறைய வேலை கிடந்தது. ஆனாலும் அவருக்காகப் படத்தை முதலிலிருந்து மறுபடி ஓட விட்டேன்.