ஒன்று புள்ளி இரண்டு

கடையில் பில் போடும்போதே வாடிக்கையாளர்கள் என்னை இரண்டு முறை சொல்லச் சொல்வார்கள். அப்படிப்பட்ட குரல் எனக்கு. ஆனால் முகம் தெரியாதவர்களிடம் ஓரளவு பேச வரும். அதற்காகத்தான் பத்தாவது படிப்போடு நின்ற நான், ஆங்கிலக் கேள்விகளை மனப்பாடம் செய்து, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு வானலையில் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினேன். தினமும் காலையில் பல ஊர்க்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். அதை 'நெட்' என்போம். அரூரிலிருந்து நானும் கூப்பிடுவேன்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. நெட்டை நடத்தும் சேலத்துப் பெரியவர், யாரோ கூப்பிடுகிறார்கள், புரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது, கொஞ்சம் மங்கலாக.

தர்மபுரியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நண்பர் கையடக்க ஆண்டெனா மீட்டரோடு வந்தார். நாம் அனுப்புவதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது எண்ணில் காட்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, மூன்றைத் தாண்டினால் மோசம். ஆண்டெனா இருக்கும் மாடிக்கு ஏறாமல், கீழே ரேடியோ இருக்கும் அறையிலேயே கேபிளை அதில் சொருகினார்.

"ஒன்னு புள்ளி ரெண்டு. ஆண்டெனா சுத்தமா இருக்குதுங்க அக்கா. நீங்கதான் மைக்குல குசுகுசுன்னு பேசறீங்க. வாயத் தொறந்து பேசுங்க."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். வீட்டிலேயே இவள் பேசுவது கேட்காது, சேலத்துக்கு எங்கே கேட்கப் போகிறது என்றார். மீட்டரை என்னிடமே விட்டுவிட்டு நண்பர் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மீட்டரைப் பார்த்துவிட்டு மைக்கை வாயோடு ஒட்டிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தாள். தொண்டை கட்டியது. அப்போதும் சேலத்தில் புரியவில்லை. மீட்டர் நல்லது என்று சொல்லச் சொல்ல, குறை என் வாயில்தான் என்று நானும் நம்பினேன். இனிமேல் கூப்பிடவே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. மீட்டர் வழக்கம்போல நல்ல எண்ணைக் காட்டியது. துணி காயப்போட மாடிக்குப் போனால், முந்தின நாள் காற்றில் ஆண்டெனா கம்பி அறுந்து பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் கிடந்தது. கேபிளின் மேல்முனை வெறுமனே தொங்கியது. கீழே ஓடிவந்து மறுபடி பார்த்தேன். ஒன்று புள்ளி மூன்று. ஆண்டெனாவே இல்லை, ஆண்டெனா நன்றாக இருக்கிறதாம்!

கத்தியை எடுத்துக் கேபிளைக் கிழித்தேன். உள்ளே தண்ணீர். செம்புப் பின்னல் பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. நான் கத்தியதெல்லாம் இந்தக் கேபிளுக்குள்ளேயே செத்திருக்கிறது. ஒன்றும் திரும்பி வராவிட்டால் அந்த மீட்டருக்கு அது நல்ல செய்தி. வானத்துக்குப் போனதா, வழியில் தொலைந்ததா என்று அதற்குத் தெரியாது. அது இயந்திரம், விடலாம். கேபிளின் மறுமுனையை ஒருமுறை போய்ப் பார்க்காமல் என் வாயைக் குறை சொன்னவர்களை எப்படி விடுவது?

புதுக் கேபிள் போட்டுக் கம்பியைக் கட்டினேன். மறுநாள் காலை, எப்போதும் பேசும் குரலில்தான் கூப்பிட்டேன். பெரியவர் உடனே பதில் சொன்னார். இன்று கணீரென்று வருகிறீர்கள், கூச்சம் போய்விட்டது போல என்றார். தர்மபுரி நண்பர் இடையில் புகுந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல அக்கா, வாயத் தொறந்தா போதும்னு."

மைக்கை அழுத்தினேன்.

"என் குரல் அதேதாங்க. கேபிள்ல தண்ணி. கம்பி அறுந்து கெடக்கறப்பவும் உங்க மீட்டர் நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுச்சு. நீங்களும் அதையேதான் சொன்னீங்க."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஊரைக் கூப்பிட்டார். நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.