ஃபேன் சுற்றாத கராஜ்

இன்று காலை அந்தச் சாம்பல் நிறச் சின்னக் கார் மறுபடியும் என் கராஜுக்கு வந்தது. ஓட்டிவந்தவர் புது ஆள். ஓட்டமாவடியில் துணிக்கடை வைத்திருக்கிறாராம். முன்பு இதை என்னிடம் கொண்டுவருகிற டீச்சரிடமிருந்து வாங்கி இரண்டு மாதம் ஆகிறதாம். இறங்கிய வேகத்திலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தார். அங்கே என் ஸ்டாண்ட் ஃபேன் நிற்கிறது. ஆள் உயரம், பச்சை இறக்கை, பிளக்கைப் பிடுங்கி வயரைக் கழுத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். "நானா, அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்க" என்றார். எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். நான் போடவில்லை. ஏசி பார்க்க வந்த கார் வாசலில் நிற்கும்வரை அந்த ஃபேன் சுற்றாது. கரண்டுக்குக் கணக்குப் பார்க்கிற கஞ்சன் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்தக் கார்தான் எனக்கு அந்தப் பழக்கத்தைத் தந்தது. உள்ளதைச் சொன்னால், என் தலைக்கனத்தால் இந்தக் காருக்குள் ஒரு மனுசியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

கட்டாரில் எட்டு வருசம் கார் ஏசி வேலை பார்த்துவிட்டு ஏறாவூருக்குத் திரும்பி வந்தவன் நான். அங்கே நான் படித்த பாடம் இரண்டே வரி. குளிரவில்லையா, காஸ் இறங்கியிருக்கும். காஸ் இருந்தும் குளிரவில்லையா, கம்ப்ரசர் போயிருக்கும். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று இங்கே யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பாலைவனத்து வெயிலையே பார்த்தவனுக்கு மட்டக்களப்பு வெயில் எந்த மூலைக்கு? மெயின் ரோட்டில் கராஜைத் திறந்தவுடன் வாங்கிய முதல் சாமான் அந்த ஃபேன். ஏசி வேலை என்றால் காரின் முகத்துக்கு நேரே குந்தியிருக்க வேண்டும். ஆகவே ஃபேனை என் முதுகுக்குப் பின்னால், காரைப் பார்த்தபடி வைத்துக்கொள்வேன். பொனட்டைத் திறக்க முன்னரே கை போய் ஃபேனைப் போட்டுவிடும்.

ஏசி என்பது குளிரை உண்டாக்குகிற மெஷின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. கொட்டுகிற இடம் கண்டென்சர். காரின் முன்பக்கத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், சல்லடை போல நிற்கும். அதற்கூடாகக் காற்றுப் போனால்தான் சூடு போகும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிழை விட்டேன்.

டீச்சர் கணக்குப் படிப்பித்தவர். ஐம்பதை எட்டிய வயது, செங்கலடியில் வீடு, கிரானுக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் பள்ளிக்கூடம். எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை நீண்ட கைச் சட்டையும் கழுத்தை மூடிய சேலையுமாகத்தான் வருவார். சொல்வதை ஒரே ஒருமுறை, எண்ணி வைத்தது போலச் சொல்வார். முதல் நாள் சொன்னதும் அப்படித்தான். ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, நின்றால் சூடு வருகிறது, ரயில் கேற்றில் நின்றால் அனல் அடிக்கிறது என்றார். நான் ஃபேனைப் போட்டேன், கண்டென்சரைப் பைப் தண்ணீரால் கழுவினேன், காஸ் அழுத்தம் காட்டுகிற மானியைக் கொளுவிப் பார்த்தேன். காஸ் சரி. காருக்குள் கை வைத்தால் விறைத்தது. ஒன்றுமில்லை டீச்சர் என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். அதே முறைப்பாடு, அதே சொற்கள். நானும் அதே ஃபேனைப் போட்டு, அதே குளிரைக் கண்டு, மனச்சமாதானத்துக்காகக் கொஞ்சம் காஸை இறக்கி ஏற்றிவிட்டேன். மூன்றாம் தரம் வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. கராஜில் பனி மாதிரிக் குளிர்கிற ஏசியைப் பழுது என்கிறாரே என்று சினம். "உங்கட உடம்புக்குத்தான் சூடு தெரியுது டீச்சர், காருக்கு ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவர் கோபிக்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்து என் முன்னால் நீட்டினார். தோல் இழுபட்டு, பளபளத்து, மெழுகு உருகி உறைந்தது போலக் கிடந்தது. பத்தொன்பது வயதில் படித்துக்கொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் விளக்கு வெடித்ததாம். கழுத்துக்குக் கீழே முக்கால்வாசி உடம்பு இப்படித்தானாம். "இதுக்குள்ளால வேர்வ வராது தம்பி. உடம்புக்க ஏறுற சூடு வெளிய போக வழியில்ல" என்றார். போன வருசம் வகுப்பிலேயே மயங்கி விழுந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதன் பிறகுதான் ஏசி உள்ள காராகப் பார்த்து இதை வாங்கியிருக்கிறார். ஏன் இடமாற்றம் கேட்கவில்லை என்று கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு வேறு ஆள் இல்லை என்றார். ஓ.எல். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். அதுகள் சோதினை எழுதுமட்டும் போகவேண்டும், கார் சரிவராவிட்டால் போக ஏலாது, அவ்வளவுதான் கதை என்று சட்டைக் கையை இறக்கிவிட்டார். 

மறுநாள் நானும் அவரோடு போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று. கச்சான் காற்று வீசுகிற மாதம் அது. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றுக்குள் முகத்தை நீட்டினால் அடுப்பு வாயில் நீட்டியது போலிருக்கும். வயலெல்லாம் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தார் ரோட்டுகள் பாதி ரோட்டு, பாதி களம். ஒரு பக்கம் நீளத்துக்கு நெல் காயும். பெண்கள் காலால் அளைந்து கொடுத்துக்கொண்டு நடப்பார்கள். மற்றப் பக்கத்தால் வாகனங்கள் போகும். யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை, நெல்லுக்கு விலத்திப் போவதுதான் இங்கே மரியாதை. டீச்சரும் விலத்தி விலத்தித்தான் ஓட்டினார். ஒவ்வொரு நெல்லுக் கரையிலும் பதரும் வைக்கோல் தூசியும் எழும்பிக் காரின் முகத்தில் மோதின. நான் அதைக் கண்ணால் கண்டேன். கண்டுகொண்டே, குளிர் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, "பாருங்க டீச்சர், மார்கழி மாதிரிக் கிடக்கு" என்றேன். 

அவர் பாடம் முடித்து வரும்வரை பள்ளிக்கூட வேம்பின் கீழே இருந்தேன். நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமானது. கிணறு வற்றிக் கிடந்தது. காரின் பின் சீற்றில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. டீச்சரிடம் கேட்டு எடுப்போம் என்று ஒரு யோசனை வந்தது; வகுப்புக்குள் போய்க் குழப்புவானேன் என்று அதை எடுத்து முகம், கை, கால் எல்லாம் தாராளமாகக் கழுவி வுழூச் செய்தேன். பிறகு தாகத்துக்கும் குடித்தேன். அது அவர் குடிக்கிற தண்ணீரல்ல, உடம்பை நனைத்துக்கொள்ள வைத்திருக்கிற தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. அரைவாசித் தூரத்தில், இரண்டு பக்கமும் மரமே இல்லாத வயல் வட்டை நடுவில், நெல் வெட்டும் மெஷினை ஏற்றிய லொறி ஒன்று கரையில் சில்லு புதைந்து ரோட்டை மறித்து நின்றது. அதற்குப் பின்னால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் மூட்டை ஏற்றிய உழவு மெஷின் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் காயும் நெல், மறு பக்கம் பள்ளம். முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது.

ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஏசிக் காற்று இளகியது. ஆக்ஸிலேற்றரை மிதித்து எஞ்சினைக் கொஞ்சம் உறுக்கச் சொன்னேன், இன்னும் சூடானது. பொனட்டுக்குள் டிக் என்றொரு சத்தம், கம்ப்ரசர் நின்றுவிட்டது. நான் இறங்கி ஃபியூசைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், கம்ப்ரசரைத் தட்டிப் பார்த்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கண்ணாடிக்கூடாக டீச்சரைப் பார்த்தேன். முகம் செக்கச் சிவந்திருந்தது, சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவர் பின்னால் கையை நீட்டிப் போத்தலை எடுத்தார். அடியில் கொஞ்சம் ஆடிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.  இருந்ததைத் துவாயில் ஊற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பார்வை இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

 காஸ் இருக்கிறது, கம்ப்ரசர் நல்லது, இரண்டு வரிப் பாடமும் முடிந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியை இறக்கி என்னைக் கிட்ட வரச் சொன்னார். நாக்குத் தடித்து, சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"தம்பி, உங்கட கராஜில வேல செய்யுது. இங்க செய்யல்ல. அங்க இருந்து இங்க இல்லாதது என்ன?"

எல்லாம் அதே சாமான்தான் டீச்சர் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "காருக்குள்ள பாக்காதீங்க. உங்கட கராஜப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு மயங்கிக் கண்ணை மூடிவிட்டார்.

யா அல்லாஹ், ஃபேன்! மூன்று தரமும் என் முதுகுக்கென்று நான் போட்ட ஃபேன்தான் அந்தக் கண்டென்சருக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதே வேலையைச் செய்திருக்கிறது; நின்றால் ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுகிற காரின் சொந்த ஃபேன் இழுக்கிற காற்று அதற்கூடாக வரவேயில்லை. சீற்றில் கிடந்த டீச்சரின் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கண்டென்சரின் முகத்தில் வைத்தேன். உள்ளே காற்று இழுபட்டால் தாள் ஒட்டி நிற்க வேண்டும். அது சரிந்து காலடியில் விழுந்தது. போன் வெளிச்சத்தைப் பக்கத்து இடுக்கால் அடித்துப் பார்த்தேன். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மஞ்சளாய் ஒரு சுவர். இரண்டு போகத்துப் பதர், வைக்கோல் தூசி, இறுகிப்போய்க் கிடந்தது. நான் மூன்று தரமும் முன்முகத்தைத்தான் கழுவியிருந்தேன்.

நெல் அளைந்துகொண்டிருந்த பெண்களை நோக்கி ஓடினேன். இரண்டு கலன் தண்ணீர் வைத்திருந்தார்கள். டீச்சர் மயங்கிவிட்டார் என்றதும் மூத்தவள் ஒருத்தி கலனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். முதல் கலன் முழுவதையும் சேலையோடு சேர்த்து டீச்சரின் மேல் ஊற்றினார்கள். இரண்டு பேர் நெல் மூடுகிற படங்கை விரித்து வெயிலை மறைத்துப் பிடிக்க, மூத்தவள் சுளகால் வீசினாள். நான் மற்றக் கலனைக் காரின் முன்னால் தூக்கியதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மனிசி சாகக் கிடக்கா. உனக்குக் காரக் கழுவ வேணுமா மனே?"

"இது குளிர்ந்தாத்தான்கா டீச்சர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவா" என்றேன்.  அவள் என்னை நம்பினாளோ, இரங்கினாளோ, தடுக்கவில்லை. கண்டென்சரின் மேலால் மெல்ல மெல்ல ஊற்றினேன். ஆவி எழும்பியது. அடியால் பதர் கஞ்சி போல வழிந்தது. கலனில் கால்வாசி மிச்சமிருக்கும்போது டிக் என்றது. கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தினோம். நனைந்த சேலையில் குளிர் காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் டீச்சர் கண்ணைத் திறந்தார். லொறி அசையும்வரை நான் துளித் துளியாக ஊற்றிக்கொண்டே நின்றேன். கலனில் கடைசிச் சொட்டும் தீர்ந்த பிறகுதான் லொறி அசைந்து ரோட்டு விட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரை நானே ஓட்டினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றினேன். உள்ளிருந்து வந்த பதரை அள்ளிப் போட்டால் ஒரு சுளகு நிறைந்திருக்கும். நாலாம் நாள் டீச்சர் வந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு இரவெல்லாம் சொற்களைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். தண்ணீர்ப் போத்தலைக் கேட்காமல் எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். தெரியும் என்றார். நேரே மூலைக்குப் போய் ஃபேனின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி அதன் கழுத்தில் மாட்டினார். காரை வெட்ட வெயிலில் நிறுத்தச் சொன்னார். தானும் ஏறி, என்னையும் ஏற்றி, கண்ணாடிகளைச் சாத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே அரை மணித்தியாலம் போனது. ஒவ்வொரு நிமிடமும் அந்த டிக் சத்தத்துக்காக என் காது விறைத்துக்கிடந்தது. குளிர் இளகவில்லை. "சரி, நாளைக்குப் பள்ளிக்குப் போறன்" என்று இறங்கினார்.

வெளியே வந்ததும் எனக்குக் குப்பென்று வேர்த்தது. சனியன் வேர்வை என்று முணுமுணுத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தேன். டீச்சர் நின்று என்னைப் பார்த்தார்.

"அதத் திட்டாதீங்க தம்பி. நான் அதுக்குத்தான் முப்பது வருசமா ஆசைப்படுறன்."

அந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் சோதினை எழுதினார்கள். இந்த வருசம் டீச்சர் ஓய்வெடுத்துக்கொண்டு, பதுளை ரோட்டால் மலையேறித் தங்கச்சியோடு இருக்கப் போய்விட்டார். அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்றுதான் காரை விற்றிருக்கிறார்.

துணிக்கடைக்காரரும் இன்று அதையேதான் சொன்னார். ஓடினால் குளிர்கிறதாம், நின்றால் சூடாம். எந்த ரோட்டால் ஓடுகிறீர்கள் என்று கேட்டேன். வயல் ரோட்டால் என்றார். மானியை எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் காரின் முன்னால் குந்தினேன். "நானா, உங்களுக்கு வேர்த்து ஊத்துதே, அந்த ஃபேனப் போட்டா என்ன?" என்று அவர் மறுபடியும் கேட்டார். வயர் டீச்சர் சுற்றி மாட்டிய மாதிரியே ஃபேனின் கழுத்தில் கிடந்தது. வியர்வை நெற்றியிலிருந்து வழிந்து தாளில் சொட்டியது. நான் அதைத் துடைக்கவில்லை.