நேராக நின்ற தண்ணீர்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மறுநாள் காட்டவேண்டிய ஆய்வுக்காகத் தண்ணீர் மூலக்கூறின் வடிவத்தைக் குவாண்டம் முறையில் கணினியில் கணக்கிட்டேன். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்ததும் ஊரில், உரும்பிராயில் இருந்த அம்மாவை அழைத்துச் சொன்னேன். அம்மா உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டார்.

பக்கத்திலிருந்த நண்பன் திரையைப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், உது தண்ணியோ, ஈர்க்கோ?"

வளைந்திருக்க வேண்டிய மூலக்கூறு விறைத்து நேராக நின்றது. தொடக்கத்தில் நான் நேராக வரைந்து கொடுத்ததைக் கணினி அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது எண்டு சொல்லுதேடா!" என்றேன்.

"முடிஞ்சுது எண்டுதான் சொல்லுது. சரியெண்டு எங்கை சொன்னது?"

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "பிள்ளையார் தேங்காயைத் திருப்பித் தரமாட்டார். நீ கணக்கைத் திருத்து," என்றார்.

சற்று வளைத்து வரைந்து மீண்டும் கொடுத்தேன், சரியாக வந்தது. இப்போதெல்லாம் கணினி என்ன சொன்னாலும், சரிபார்க்கும்வரை அம்மாவிடம் நான் வாயே திறப்பதில்லை.